அந்த ஊருக்கென்று ஒரு மழைமானி

நான் அந்த ஊருக்குள் முதல்முறை போனது என் விருப்பத்தால் அல்ல. சிதம்பரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு டீக்கடையில், கழுத்தில் கம்பெனி அட்டையும் தோளில் கருவிப் பையுமாக நின்று வடை தின்றுகொண்டிருந்தேன். டவுனின் மேற்குக் கோடியில் எங்கள் கம்பெனி நட்டிருந்த மழைமானியைச் சுத்தம் செய்துவிட்டுக் கடலூருக்குத் திரும்பும் நேரம். பக்கத்தில் நின்றவர் குனிந்து என் அட்டையைப் படித்தார்.

“மழ அளக்குறவுங்களா நீங்க?”

“ஆமாங்க.”

“நல்லா அளக்குறீங்க, போங்க!”

கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்று விவசாயத்துக்கு வந்தவர். பின்படிக்கட்டில் நின்று டிரைவருக்குக் கேட்கும்படி பேசிப் பழகிய குரல். ஊரில் எல்லோருக்கும் அவர் கண்டக்டர் மாமா. பிற்பாடு எனக்கும் அப்படியே ஆகிவிட்டார். அன்றைக்கு என் டீக்கு அவரே காசு கொடுத்து, வண்டியில் உட்காரச் சொல்லி, பிச்சாவரம் போகிற சாலையில் கிளைபிரியும் தன் ஊருக்கு அழைத்துப் போனார். போகிற வழியெல்லாம் திட்டிக்கொண்டே போனார்.

திட்டுவதற்குக் காரணம் இருந்தது. முந்தின வருஷம் அந்த ஊரில் பலர் வானிலைக் குறியீட்டுக் காப்பீட்டில் சேர்ந்திருந்தார்கள். மற்ற காப்பீட்டில் பயிர் எவ்வளவு போயிற்று என்று ஆள் வந்து பார்க்க வேண்டும். இதில் யாரும் வயலுக்கு வருவதில்லை. நடவுக் காலத்தில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் மழை கொட்டிவிட்டால், பயிர் அழுகியிருக்கும் என்று வைத்துக்கொண்டு பணம் தானாகக் கணக்கில் ஏறிவிடும். மழையை அளப்பது கருவி. அது சொன்னால் சொன்னதுதான். அந்த வருஷம் ஊரில் மழை கொட்டித் தீர்த்து, சம்பா நாற்று முழுக்க மூழ்கிப் போனது. ஆனால் அவர்களுக்கு என்று குறித்திருந்த மழைமானி டவுனில் இருந்தது. டவுனில் அன்றைக்கு ஏதோ தூறல்தான். ஒருவருக்கும் ஒன்றும் வரவில்லை.

ஊர் நடுவில் இருந்த பால் சொசைட்டி வாசலில் என்னை நிறுத்தி ஆளுக்கு ஆள் கேட்டார்கள். நான் காப்பீட்டுக் கம்பெனி ஆளில்லை, கருவி நடுகிற கம்பெனியின் டெக்னீஷியன் என்று சொல்லிப் பார்த்தேன். யார் கேட்கிறார்கள்!

“வயல வந்து பாக்கவே மாட்டாங்களா?”

“மாட்டாங்க. மழையத்தான் பாப்பாங்க.”

“எந்த மழைய?” என்று கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. “எங்க மழையவா, டவுன் மழையவா?”

கேட்டவர் நாற்பது வயது மதிக்கத்தக்க அக்கா. கணவர் திருப்பூரில் வேலையில் இருக்க, தனியாளாகக் குத்தகை நிலத்தில் சம்பா போடுகிறவர். அவர் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் கடலூர் முதுநகருக்குப் பக்கத்தில் மீனவக் குப்பத்தில் பிறந்தவள். அப்பாவும் அண்ணனும் கடலுக்குப் போகிறவர்கள். டிப்ளமோ முடித்து எங்கள் வீட்டில் முதன்முதலாக ஆபீஸ் வேலைக்குப் போனவள் நான். அதுவரை மழை எனக்குத் திரையில் ஏறி இறங்கும் ஒரு கோடு. அந்தக் கோட்டை நம்பி நாற்று விடுகிற ஆட்கள் இருக்கிறார்கள் என்பது அந்த வாசலில் நின்றபோதுதான் உறைத்தது.

“உங்க ஊருக்குன்னு ஒன்னு வெச்சாதான் உங்க மழை தெரியும்” என்றேன்.

“அப்ப வைங்க” என்றார் அக்கா.

கேட்பதற்கு அவ்வளவு எளிதாக இருந்தது. நானும் ஆபீசில் போய் அப்படியே சொன்னேன். மேலதிகாரி சிரித்தார். ஆனால் கண்டக்டர் மாமா விடவில்லை. வாரத்துக்கு ஒருமுறை கடலூர் வந்து ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தார். கடைசியில் காப்பீட்டுக் கம்பெனி ஒத்துக்கொண்டது. ஊர் இடம் தர வேண்டும், காப்பீட்டில் போதுமான பேர் சேர வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. ஆட்களைச் சேர்க்கும் வேலையைக் கண்டக்டர் மாமா எடுத்துக்கொண்டார். இடம் பார்க்க என்னையே அனுப்பினார்கள். அன்று பஸ்ஸில் போகும்போது எனக்குத் தலைகால் புரியவில்லை. அதுவரை யாரோ குறித்துக் கொடுத்த இடத்தில் போய் கம்பம் நட்டிருக்கிறேனே தவிர, இடத்தை நானே தேர்ந்தெடுத்ததில்லை.

இடம் கிடைப்பது இத்தனை கஷ்டம் என்று யாரும் நினைக்கவில்லை. மழைமானிக்குப் பக்கத்தில் மரம் கூடாது, வீடு கூடாது, மின்கம்பி கூடாது. மறைப்பு இருந்தால் மழை சாய்ந்து விழும்போது குறைத்துக் காட்டும். பள்ளமாகவும் இருக்கக் கூடாது, கருவியே மூழ்கிவிடும். பள்ளிக்கூடத்தைக் காட்டினார்கள், அங்கே வேப்பமரம். பால் சொசைட்டிக்குப் பின்னால் காட்டினார்கள், அங்கே தண்ணீர்த் தொட்டி. கண்டக்டர் மாமா தன் களத்துமேட்டைக் காட்டினார்.

“இங்க என்னா கொறச்சல்?”

“தென்னமரம் நிக்கிது மாமா.”

“அது பாட்டுக்கு நிக்கிது. அத என்னா பண்ணுது?”

“மழைய மறைக்கும்.”

“சுடுகாட்டுல நல்ல தொறந்த எடம் இருக்குது” என்றார் ஒருவர். “அங்க மழ நல்லா உழுவும்.”

“அங்க யாரு காவல் இருக்கறது, நீயா?” என்றார் இன்னொருவர். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று.

சாயங்காலம் வரை டேப்பைப் பிடித்துக்கொண்டு அலைந்தோம். கடைசியில் வயல்களுக்கு நடுவே மண் அடித்து உயர்த்தின ஒரு மேடு கண்ணில் பட்டது. சுற்றிலும் ஒன்றுமில்லை, வானம்தான். அது அக்காவின் இடம். வீடு கட்டுவதற்காகக் கொஞ்சம் கொஞ்சமாக மண் அடித்து வைத்திருந்தார். நான் நின்று பார்த்த பார்வையிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது.

“இதுதான் வேணுமா?”

“நல்ல எடம்கா. ஆனா நீங்க வூடு…”

“வூட்ட எப்ப வேணா கட்டிக்கலாம். மழ ஐப்பசிக்கு வந்துரும்.”

இவ்வளவுதான் பேச்சு. மறுவாரமே கம்பம் நட்டோம். காற்றை அளக்கும் குவளைகள் மேலே, சூரியத் தகடு நடுவே, கீழே வெள்ளை வெளேரென்று மழைமானி. ஆடு மாடு அண்டாமல் இருக்க எங்கள் வீட்டுப் பழைய மீன்வலையைக் கொண்டுபோய்ச் சுற்றிக் கட்டினேன். ஊரே கூடி நின்றது. மழைமானியின் மூடியைக் கழற்றி உள்ளே காட்டினேன். பிள்ளைகள் ஏறி ஆடுகிற சீசாப் பலகை மாதிரி இரண்டு பக்கமும் சாய்கிற சின்னக் குழிக் கரண்டி ஒன்று அதில் இருக்கும். ஒரு பக்கம் தண்ணீர் நிறைந்ததும் சாய்ந்து கொட்டிவிடும், உடனே மறுபக்கம் நிறையத் தொடங்கும். ஒவ்வொரு சாய்வும் மழைக் கணக்கில் ஏறும். சொம்பிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டேன். ‘டிக்’ என்று சாய்ந்தது. கை தட்டினார்கள்!

“அப்ப ஒரு கொடம் தண்ணிய ஊத்தினா?” என்றார் கண்டக்டர் மாமா, வெகு சாதாரணமாக.

“எந்த நிமிஷத்துல எவ்ளோ விழுந்துதுன்னு பதிவாவும் மாமா. வானத்துலேர்ந்து அப்புடிக் கொட்டாதுன்னு பாத்ததுமே தெரிஞ்சிரும். அப்பறம் ஊருக்கே பணம் கிடையாது.”

“சும்மாதான் கேட்டேன்.”

“சும்மா கூட கேக்காதீங்க மாமா” என்றார் அக்கா.

ஐப்பசி பிறந்தது. நாற்றைப் பறித்து நட்டு முடித்த கையோடு மழையும் பிடித்துக்கொண்டது. முதல் நாளே போன் ஓயவில்லை. கிரிக்கெட் ஸ்கோர் கேட்பதுபோல் கேட்டார்கள். எவ்வளவு ஆச்சு, இப்ப எவ்வளவு, டவுன்ல எவ்வளவு? ஊர் மழையையும் டவுன் மழையையும் அருகருகே திரையில் பார்க்கும்போது எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. ஊர்க் கோடு நிமிர்ந்து ஏறிக்கொண்டிருக்க, டவுன் கோடு தரையிலேயே ஊர்ந்தது. அக்கா கேட்டது எத்தனை சரி! சில மைல் தள்ளி இரண்டு வேறு வானம்.

ஆனால் அந்தப் பரபரப்புக்குள் ஒரு முள்ளும் இருந்தது. கோடு ஏற ஏற வயல் மூழ்குகிறது. ஒருநாள் போனில் அக்கா சொன்னார், “பெய்யணும்னு நெனைக்கறதா, நிக்கணும்னு நெனைக்கறதான்னே தெரியலம்மா. பயிர் போச்சுன்னா முழுசாப் போவணும் போலருக்குது. அரகொறையா போனா ரெண்டுக்கும் இல்லாம பூடும்.”

அடைமழையின் மூன்றாம் நாள் காலையில் ஊர்க் கோடு நின்றுபோனது. மழை நிற்கவில்லை. தகவல்தான் வரவில்லை. அதற்கு முன்னால் வந்த கடைசித் தகவலைப் பார்த்தேன். பேட்டரி அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. வெயிலே இல்லாமல் சூரியத் தகடு என்ன செய்யும்? விதி எனக்கு மனப்பாடம். ஒரு நாள் முழுக்கப் பதிவு இல்லாமல் போனால், அந்த நாளுக்குப் பக்கத்து நிலையத்தின் கணக்கை எடுத்துக்கொள்வார்கள். பக்கத்து நிலையம் டவுன்!

மேலதிகாரிக்குப் போன் போட்டேன். “முடிஞ்சா போய்ப் பாரு, ரிஸ்க் எடுக்காத” என்றார். புது பேட்டரியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, மடியில் குழந்தைபோல் வைத்துக்கொண்டு கடலூரில் பஸ் ஏறினேன். சிதம்பரம் வரை வந்துவிட்டேன். அதற்கு மேல் ஊருக்குப் பிரிகிற கிளைச் சாலை தண்ணீருக்குள் கிடந்தது. அக்காவுக்கும் கண்டக்டர் மாமாவுக்கும் போன் போகவில்லை.

அப்போதுதான் கிள்ளை மாமா ஞாபகம் வந்தது. அம்மாவின் தம்பி. கிள்ளையில் உப்பங்கழியில் இறால் பிடிக்கிறவர். ஆள் அரவம் இல்லாத இடத்தில் வேலை செய்வதாலோ என்னவோ அதிகம் பேச மாட்டார். போனை எடுத்ததும் விஷயத்தைக் கொட்டினேன்.

“பேட்டரிய எடுத்துட்டு வயலுக்குப் போவணும்ங்குற.”

“ஆமா மாமா.”

“படகுல.”

“ஆமா மாமா.”

“வா.”

கிள்ளைக்குப் போகிற பாதை மட்டும் கொஞ்சம் மேடு. ஒரு ஆட்டோக்காரர் பாதி தூரம் கொண்டுபோய் விட, மீதியை முழங்கால் தண்ணீரில் நடந்தேன். மாமா தன் சின்னப் படகோடு வடிகால் வாய்க்கால் முனையில் நின்றிருந்தார். வாய்க்கால் எது, வயல் எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே தண்ணீர். மாமா நீளக் கழியை ஊன்றி ஊன்றித் தள்ளினார். படகுக்கு அடியில் நெல் பயிர் உரசும் சத்தம் கேட்டது. மாமா அந்தச் சத்தத்தைக் கேட்டு ஒரு நிமிஷம் கழியை நிறுத்தினார்.

“நாத்து மேலயா போறோம்?”

“ஆமா மாமா.”

“அடடா” என்றார். அதற்குப் பிறகு முடிந்தவரை வரப்போரமாகவே தள்ளினார்.

ஊருக்குக் கிட்டே போனபோது மதகின் மேல் ஒருவர் குடையோடு நின்று கையை ஆட்டினார். குரலைக் கேட்டதுமே யாரென்று தெரிந்தது. “ஹோல்டான்! ஹோல்டான்!” என்று பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி படகை நிறுத்தி ஏறிக்கொண்டார் கண்டக்டர் மாமா. படகுக்குள் சேர்ந்த தண்ணீரை இறைக்க அவர் கையில் ஒரு பிளாஸ்டிக் குடத்தைக் கொடுத்தார் கிள்ளை மாமா.

மேட்டை நெருங்கினோம். அந்தப் பக்கத்தில் தண்ணீருக்கு வெளியே தெரிந்த ஒரே திட்டு அதுதான். ஊரில் இருந்த மாடு, கன்று, ஆடு எல்லாம் அதன்மேல் ஏறி நின்றிருந்தன. வலை எப்போதோ அறுந்து போயிருந்தது. நடுவில் கம்பம். கம்பத்துக்கு முன்னால் நனைந்து வெலவெலத்து, ஒரு கையில் குச்சியோடு அக்கா. ஒரு எருமை கம்பத்தில் முதுகைத் தேய்க்க வருவதும், அவர் விரட்டுவதும், அது சுற்றிக்கொண்டு மறுபக்கம் வருவதுமாக இருந்தது.

“காத்தாலேர்ந்து இதோட இதே ரோதனையா போச்சும்மா!” என்று அங்கிருந்தே கத்தினார். “சொறிஞ்சிக்க ஊர்ல வேற எடமே இல்ல இதுக்கு!”

கம்பத்தில் மாட்டியிருந்த கருவிப் பெட்டியைத் திறந்தேன். கண்டக்டர் மாமா மேலே குடையைப் பிடித்தார். “மழமானி மேல புடிச்சிராதீங்க மாமா!” என்று அக்காவும் நானும் ஒரே நேரத்தில் கத்தினோம். பெட்டிக்குள் ஒரு சின்னப் பச்சை விளக்கு மினுக் மினுக்கென்று உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது.

“இருக்குது! உசுரோட இருக்குது!” என்று கூவிவிட்டேன்.

தகவல் அனுப்பும் பகுதியை மட்டும் நிறுத்திவிட்டு, மிச்சமிருந்த கொஞ்ச மின்சாரத்தில் கருவி மழையை எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறது. ஒரு சொட்டுக்கூட விடுபடவில்லை. புது பேட்டரியை மாட்டினேன். கருவியின் திரையில் எண் தெளிவாக வந்தது. பணம் வருவதற்கான எல்லைக்குச் சற்றுக் கீழே நின்றது. மிகச் சற்றுக் கீழே. அதே நேரம், யாரோ குழாயை மூடியதுபோல் மழையும் விட்டது.

மாடுகள் பெருமூச்சு விட்டன. கணக்குக்கு உரிய காலம் மறுநாள் காலையோடு முடிகிறது. நான் வானத்தைப் பார்த்தேன். திரும்பினால், கண்டக்டர் மாமா கையில் குடம். மழைமானியிலிருந்து ஓரடி தள்ளி நின்றிருந்தார்.

“மாமா. அத கீழ வைங்க” என்றார் அக்கா.

“இல்ல, படகுத் தண்ணிய…”

“படகு அந்தாண்ட இருக்குது மாமா.”

அவர் குடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகம் சுருங்கிப்போய் குடத்தைக் கீழே வைத்தார். எருமை வந்து அதற்குள் மூக்கை விட்டது. முதலில் சிரித்தது கிள்ளை மாமாதான். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அப்புறம் எல்லோரும் சிரித்தோம். வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டிருக்கும்போதே கிழக்கே இருந்து அடுத்த மழை, வயல் தண்ணீரைப் பொரிபோலத் தெறிக்க வைத்துக்கொண்டு எங்களை நோக்கி வந்தது.

டிக். டிக். டிக். திரையைச் சுற்றித் தலைகள் கூடின. எண் ஏறியது. எல்லையைத் தொட்டது. தாண்டியது! கண்டக்டர் மாமா “ரைட்! ரைட்! போலாம்!” என்று கத்தி விசில் அடித்தார். அக்கா என்னைக் கட்டிக்கொண்டார். நான் பேட்டரிப் பையை உயரத் தூக்கி ஆட்டினேன். எத்தனை நேரம் அப்படிக் குதித்தோமோ தெரியாது. பிறகு கண்டக்டர் மாமா திரும்பித் தன் வயல் இருந்த திசையைப் பார்த்தார். அங்கே நாற்றின் நுனிகூட இல்லை. மெதுவாக மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். அக்காவும் பக்கத்தில் உட்கார்ந்தார். சந்தோஷமும் அழுகையும் ஒரே முகத்தில் இருக்க முடியும் என்று அன்றைக்குப் பார்த்தேன்.

பணம் வந்தது. யாரும் வயலைப் பார்க்க வரவில்லை. மறு நடவுக்கு நேரம் இருக்கும்போதே எல்லோருடைய போனிலும் குறுஞ்செய்தி ஒலித்தது. இழந்ததற்கு ஈடாகாது, ஆனால் குறுகிய வயது நாற்றை விலைக்கு வாங்கி மறுபடி நடப் போதுமானதாக இருந்தது. ஊரின் மறுகோடியில் மேட்டு நிலம் வைத்திருந்த ஒருவருக்குப் பயிர் சேதமே இல்லை, அவருக்கும் வந்துவிட்டது. கண்டக்டர் மாமா எனக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தார்.

“அவனுக்கு எதுக்கு? அவன் பயிரு நின்னு சிரிக்கிது!”

“மழைய மட்டும்தான் பாக்கும்னு சொன்னேனே மாமா. போன வருஷம் உங்களுக்குப் பெய்ஞ்சும் வரல. இந்த வருஷம் அவருக்குப் பயிர் போவாமயே வந்துது.”

“சரி. நடவுக்குச் சாப்பாடு அவன் செலவு” என்று வைத்துவிட்டார்.

அந்த மறு நடவுக்கு என்னையும் கிள்ளை மாமாவையும் கூப்பிட்டிருந்தார்கள். மாமா ஒரு கூடை நண்டோடு வந்தார். சேற்றில் இறங்கி நானும் ஒரு வரிசை நட்டேன். கோணல்மாணலாகப் போனது. அக்கா ஒன்றும் சொல்லாமல் பின்னாலேயே வந்து சரிசெய்தார். மாமா மட்டும் கம்பத்தடியில் நின்று, மேலே சுழலும் குவளைகளையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“அது என்னாத்த அளக்குது?”

“காத்த, மாமா.”

“காத்து ஜாஸ்தியாயி நாங்க தொழிலுக்குப் போவாத நாளு எத்தினி! அதுக்கு இப்புடி ஒன்னு வருமா?”

நான் சேற்றுக் கையோடு அப்படியே நிமிர்ந்து நின்றேன். அப்பாவும் அண்ணனும் காற்றைப் பார்த்துவிட்டுப் படகைக் கரையேற்றும் காலைகள், அன்றைக்கு உலை வைப்பதை அம்மா தள்ளிப்போடுவது, எல்லாம் எனக்குத் தெரியும். இத்தனை காலம் இந்த வேலையில் இருந்தும் எனக்கு இது தோன்றவில்லையே!

மறுவாரம் கிள்ளை மாமாவைக் கடலூர் ஆபீசுக்கு அழைத்துப் போனேன். வெள்ளைச் சட்டை போட்டு, ஏசி குளிரில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். மேலதிகாரி காற்றைப் பற்றி ஒன்று கேட்டார். பேசாத மாமா பேசத் தொடங்கினார். எந்தக் காற்றில் வலை விடலாம், எதில் கரையை விட்டே கிளம்பக் கூடாது, கச்சான் காற்று எப்படி, வாடைக் காற்று எப்படி என்று கையால் மேஜைமேல் கடலை வரைந்து காட்டினார். மேலதிகாரி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு மேலும் மேலும் கேட்டார். டீ வந்து ஆறிப்போனது. ஆகுமா ஆகாதா என்று அன்றைக்கு ஒன்றும் முடிவாகவில்லை. கம்பெனியில் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

மாமாவைக் கிள்ளையில் கொண்டுபோய் விட நானும் பஸ் ஏறினேன், உட்கார எனக்கு மட்டும் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மாமா மேல்கம்பியைப் பிடித்து நின்றபடி பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாதவரிடம், “காத்துக்கும் இன்சூரன்ஸ் வரப்போவுது, தெரியுமா?” என்று ஆரம்பித்தார். ஆலப்பாக்கம் தாண்டியும் நிறுத்தவில்லை. நான் ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டு, சிரிப்பை அடக்க முடியாமல் வந்தேன்.